வத்தத்தில் மாட்டிய ஏழு பேர்: பழவேற்காடு ஏரியில் ஒரு தரைதட்டல்

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம், நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காகப் பழவேற்காடு ஏரிக்குள் படகில் போன ஏழு பேர், மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து மணி தாண்டும் வரை சேற்றுத் திட்டில் மாட்டிக்கொண்டோம். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருவருக்குக் காலில் காயம், ஒருவருக்குச் சர்க்கரை இறங்கியது, படகுக்காரருக்கு நஷ்டம். பயணத்தைத் திட்டமிட்டவன் நான். அதனால் தவறுகளில் பெரும்பங்கு என்னுடையது. இப்படிக் கணக்கெடுப்புக்கோ ஆய்வுக்கோ ஆழமில்லாத நீரில் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். யார் பெயரும் ஊரும் வேண்டாம்.

இடமும் படகும்

ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு மூலை மட்டும் நம் பக்கம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகப் படுத்திருக்கிறது. தெற்கில் ஆரணியாறு வந்து சேர்கிறது. பழவேற்காட்டு ஊருக்குப் பக்கத்தில் முகத்துவாரம். வடகிழக்குப் பருவமழை வெள்ளம் அதைத் திறந்துவிடும், கோடையில் மணல் சேர்ந்து அடைபடும். பரப்பைப் பார்த்தால் கடல் மாதிரி இருக்கும், ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். எந்த இடத்தில் விழுந்தாலும் எழுந்து நின்றுவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆபத்து, ஏனென்றால் அடியில் இருப்பது தரை கிடையாது, தொடை வரை இழுக்கும் சேறு. முகத்துவாரத்துப் பக்கமோ ஆழமும் இழுவையும் வேறு கணக்கு. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். நாங்கள் கணக்கெடுப்புக்கென்று எழுதி அனுமதி வாங்கிப் போனோம், ஏழு பேருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தது. நாங்கள் சரியாகச் செய்த விஷயங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

படகு சுமார் 24 அடி ஃபைபர் படகு, பின்னால் நீண்ட தண்டு வைத்த டீசல் எஞ்சின், லாங் டெயில் என்பார்கள். இந்த ஏரிக்கு அது நல்ல ஏற்பாடு. தண்டைக் கையால் அமுக்கி உயர்த்தி, விசிறி எவ்வளவு ஆழத்தில் சுற்ற வேண்டும் என்று ஓட்டுபவரே வைத்துக்கொள்ளலாம். காலிப் படகின் பின்புறம் முக்கால் அடிக்குக் குறைவாகத்தான் நீருக்குள் இருக்கும் என்றும், ஏழு பேரும் சாமானும் ஏறினால் 14 அங்குலம் வரை இறங்கும் என்றும் பிற்பாடு அளந்து தெரிந்துகொண்டேன். போவதற்கு முன் அளக்கவில்லை, கேட்கவும் இல்லை.

படகில் இருந்தவர்கள்: ஐம்பதைத் தாண்டிய படகுக்காரர், அவருடைய அக்கா மகன் (இருபது வயதுக்குள்), பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் (68 வயது, சர்க்கரைக்கு மாத்திரை), ஒரு பள்ளி ஆசிரியை, கல்லூரி மாணவர்கள் இருவர், நான்.

திட்டம்

அமாவாசை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் (கடல் நீர் உயர்வது) அதிகம், அதே அளவுக்கு வத்தமும் (நீர் இறங்குவது) அதிகம் என்பது எனக்குத் தெரியும். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை, அதாவது ஏற்றமும் வத்தமும் வரும் நேரப் பட்டியலைப் பார்த்தேன். காலை ஒன்பதுக்குச் சற்று முன் ஏற்றம், மாலை மூன்று மணி வாக்கில் வத்தம். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக ஓதம் தாமதமாகும், தணிந்தும் போகும். நாங்கள் போகும் இடத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் என்று வைத்தேன். அப்படியானால் உள்ளே பதினொரு மணிக்கு ஏற்றம், ஐந்து மணிக்கு வத்தம், மொத்த இறக்கம் ஒரு அடிக்குள். இரண்டு மணிக்குத் திரும்பினாலும் அரை அடிதான் இறங்கியிருக்கும், ஓடையில் மூன்று அடி இருக்கிறது, பயமில்லை. நோட்டில் இப்படித்தான் எழுதியிருந்தேன், கீழே இரண்டு கோடு வேறு போட்டு.

கணக்கு தப்பில்லை. ஆனால் அதில் காற்றைச் சேர்க்கவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் வாடைக்காற்று பலமாக அடித்திருந்தது. இவ்வளவு அகலமும் இவ்வளவு குறைந்த ஆழமும் உள்ள நீரில் காற்று விடாமல் ஒரு பக்கமாக அடித்தால் நீர் எதிர்க்கரையில் போய்த் தேங்கும். தட்டில் தண்ணீர் ஊற்றி ஊதிப் பார்த்தால் தெரியும். வடகிழக்குக் காற்று தண்ணீரைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளியிருந்தது, நாங்கள் ஏறிய துறை இருந்ததும் அந்தப் பக்கம்தான். காலை ஆறரைக்கு ஏறும்போது தண்ணீர் படிக்கு வந்து தொட்டதைப் பார்த்து ஆசிரியை "இன்னைக்கு ஏரி நெறஞ்சிருக்கே" என்றார். படகுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "வாடை தள்ளின தண்ணி டீச்சர், காத்து நின்னா அது பாட்டுக்குப் போயிடும்" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை. பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

காற்று ஏழரை மணிக்கெல்லாம் நின்றுவிட்டது. ஏரி கண்ணாடி மாதிரி ஆனது. படம் எடுக்க நல்ல வெளிச்சம் என்று சந்தோஷப்பட்டோம்.

காலை முதல் ஒன்றரை வரை

போகும்போது ஓடையைப் பிடித்தே போனோம். ஏரிக்குள் ஓடை என்றால் மண் அரித்து உண்டான ஆழமான தடம், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கங்கே நட்டிருக்கும் வலைக் கம்புகளை வைத்துத்தான் படகுக்காரர்கள் கண்டுபிடிப்பார்கள். ஆனால் கம்பு எல்லாமே வழிகாட்டி இல்லை. சுத்துவலைக்கு நட்ட கம்புகள் ஓடைக்குக் குறுக்கேயே நிற்கும், நீருக்குள் வலை இருக்கும், அதன் மேல் விசிறி போனால் வலையும் கிழியும் சண்டையும் வரும். எந்தக் கம்புக்கு எந்தப் பக்கம் போவது என்பது அவர்களுக்குத் தெருவில் வீட்டு வாசல் தெரிகிற மாதிரி. முக்கால் மணி நேரம் வளைந்து வளைந்து போய், தெற்கே ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, பூநாரைகள் மேயும் திட்டுப் பக்கம் சேர்ந்தோம்.

அங்கே இறங்கும்போதே படகுக்காரர் சொன்னார்: "சார், பன்னெண்டுக்குள்ள கெளம்பிடணும்." சரி என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரிய கூட்டத்தின் பாதியை எண்ணியிருந்தோம். பாதியில் விட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அவர் எழுந்து நின்று எஞ்சினைப் பார்த்தார், உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்கு அக்கா மகன் வந்து "மாமா கேக்கச் சொன்னாரு" என்றான். "பத்து நிமிஷம் தம்பி" என்றேன். அந்தப் பத்து நிமிஷம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனது. புறப்படும்போது 1:35.

"போலாம் சார்"

சாப்பாட்டுப் பையைக் கரையில் வண்டியிலேயே விட்டிருந்தோம், ஒரு மணிக்குக் கரையில் இருப்போம் என்ற நம்பிக்கையில். பெரியவருக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், முகத்தில் களைப்புத் தெரிந்தது. வந்த வழியே போனால் வளைவுதான் அதிகம். நேர் மேற்கே பார்த்தால் எங்கள் ஊரின் பனைமரங்கள் தெரிந்தன. நான் கேட்டேன்: "நேரா போக முடியாதாண்ணே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீரைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். "போலாம் சார். பாத்துப் போவணும்" என்றார்.

இந்த நிகழ்வில் இதைவிட முக்கியமான இடம் இல்லை என்று நினைக்கிறேன். காசு கொடுத்துப் படகு பிடித்தவன், படித்தவன், சார் என்று கூப்பிடப்படுகிறவன் கேட்டால், "முடியாது" என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் யாருக்கும் இல்லை. "போலாம் சார்" என்றால் அவர் நாக்கில் அதற்கு "நீங்க கேக்குறதால" என்று பொருள். "பாத்துப் போவணும்" என்பதுதான் அவருடைய பதில். எனக்குக் கேட்டது முதல் பாதி மட்டும். பன்னிரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொன்னவரிடம் ஒன்றரைக்கு மேல் குறுக்கு வழி கேட்பதே தப்பு. கேட்பதாக இருந்தாலும் "உங்க படகு, நீங்க மட்டும் இருந்தா எந்த வழியில போவீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும்.

கண்ணில் பட்டும் கவனிக்காதவை

1:50 முதல் 2:10 வரை நடந்தவற்றைப் பின்னால் எல்லோரிடமும் கேட்டுத் தொகுத்தேன். ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைப் பார்த்திருந்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை.

ஆசிரியை கம்புகளைப் பார்த்திருக்கிறார். காலையில் நீர்மட்டத்தில் இருந்த பாசிக் கோடு இப்போது ஒரு சாணுக்கு மேல் உயரத்தில் ஈரமாகத் தெரிந்திருக்கிறது. என் நோட்டுக் கணக்குப்படி அவ்வளவு இறங்கியிருக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருந்த மாணவன், படகுக்குப் பின்னால் வரும் தண்ணீர் பால் காப்பி நிறத்துக்கு மாறியதைப் பார்த்து அதைப் படம் எடுத்திருக்கிறான். அடிச்சேறு கிளறப்படுகிறது என்று அதற்கு அர்த்தம். எஞ்சின் சத்தம் கனத்தது எனக்கே கேட்டது. படகுக்குப் பின்னால் எழும் அலை வழக்கத்தைவிட உயரமாக, படகை ஒட்டியே வந்தது.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். ஆழமில்லாத நீரில் வேகமாகப் போனால் படகின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில் தண்ணீர் வேகமாக ஓட வேண்டியிருக்கும், அங்கே அழுத்தம் குறையும், படகு கீழே இழுபடும், அதுவும் பின்புறம் அதிகமாக. அதாவது அவசரப்பட அவசரப்படப் படகுக்கு இன்னும் ஆழம் தேவைப்படுகிறது. ஆழம் குறைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது இதனால்தான், தரையில் இடிக்கும் என்ற பயத்தால் மட்டும் இல்லை.

எனக்கு இன்றும் வெட்கமாக இருப்பது வேறொன்று. முன்னால் நூறு மீட்டரில் பவளக்கால் உள்ளான்கள் நடந்துகொண்டிருந்தன. அந்தப் பறவையின் கால் எவ்வளவு நீளம் என்று கேட்டால் எங்கள் படகில் நான்கு பேர் உடனே சொல்வார்கள். அது நடக்கிறது என்றால் அங்கே தண்ணீர் ஒரு சாணுக்கும் கீழே. சாம்பல் நாரை அசையாமல் நின்றால் ஒன்றரை அடி தாண்டாது. நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்தால்தான் ஆழம். படகுக்காரர் நாள் முழுக்க இப்படித்தான் ஏரியைப் படிக்கிறார். நாங்களோ உள்ளான்களை எண்ணி எழுதிக்கொண்டே அதன் மேல் படகை ஏற்றப் போனோம்.

தட்டியது, அதன் பின் பதினைந்து நிமிடம்

2:10. இடிபட்ட மாதிரி எதுவும் இல்லை. மெத்தையில் உட்கார்ந்த மாதிரி படகு மெல்ல நின்றது. அப்போது சுக்கானில் இருந்தது அக்கா மகன். படகுக்காரர் முன்னால் நின்று கழியால் ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பயத்தில் எஞ்சினை முழுசாக முறுக்கினான், தாண்டிவிடலாம் என்று. பின்புறம் இன்னும் ஆழமாகப் புதைந்தது. விசிறி எதிலோ 'டங்' என்று அடித்தது. இந்த ஏரியின் அடியில் பழைய ஆளி ஓட்டுப் படுகைகள் உண்டு, ஒரு காலத்தில் சுண்ணாம்புக்குத் தோண்டி எடுத்தது. அதில்தான் பட்டிருக்கிறது. மாமா கத்தின கத்தில் எஞ்சினை நிறுத்தினான்.

இறங்கும் தண்ணீரில் தட்டினால் முதல் ஐந்து நிமிடம்தான் உங்களுடையது. உடனே எஞ்சினை நிறுத்தி, எல்லோரும் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு நகர்ந்து, புதைந்த பின்புறத்தின் பாரத்தைக் குறைத்து, வந்த தடத்திலேயே கழியால் பின்னோக்கித் தள்ளினால் வெளியே வந்திருப்போம். வந்த தடத்தில் ஒரு நிமிடம் முன்பு வரை ஆழம் இருந்தது என்று உறுதியாகத் தெரியும், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. படகுக்காரர் இதைத்தான் செய்யச் சொன்னார். அதற்குள் நாங்கள் ஆளாளுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம், பெரியவர் எழுந்து நின்று தடுமாறினார், இரண்டு மாணவர்களும் யாரையும் கேட்காமல் தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.

ஒருவன் தொடை வரை புதைந்தான். செருப்பு சேற்றிலேயே போய்விட்டது. காலை இழுக்கும்போது ஆளி ஓடு உள்ளங்காலில் ஆழமாகக் கிழித்தது. இன்னொருவன் படகின் விளிம்பைப் பிடித்திருந்ததால் தப்பித்தான். அதற்கப்புறம் படகுக்காரர் தானே இறங்கினார். அவர் இறங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். படகில் வயிற்றைச் சாய்த்து மெல்ல வழுக்கி, பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துத் தேய்த்து நகர்ந்தார். தேய்த்துப் போனால் சேற்றில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும், மிதித்தால்தான் முள்ளால் அடிக்கும்.

கழி போட்டுத் தள்ளுவதும் வேலைக்கு ஆகவில்லை. சேற்றில் கழி இரண்டு அடி இறங்குகிறது, தள்ளினால் படகு ஒரு சாண் நகர்கிறது, கழியைப் பிடுங்கும்போது அதே ஒரு சாண் திரும்பி வந்துவிடுகிறது. திருகிப் பிடுங்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். ஆனால் 2:25க்குள் தண்ணீர் இன்னும் ஒரு அங்குலம் போய்விட்டது. "உடு சார்" என்று கழியைப் படகில் போட்டார். "இனிமே தண்ணி வந்துதான் தூக்கணும்."

நடந்து போவதா, இருப்பதா

கரை ஒரு கிலோமீட்டரும் கொஞ்சமும். ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. காயம் படாத மாணவன் "முழங்கால் தண்ணிதான், நான் நடந்துபோய் ஆளக் கூட்டிட்டு வரேன்" என்றான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு நிமிடம் போனால் சரி என்று சொல்லியிருப்பேன்.

படகுக்காரர் அந்த ஒரு முறை சார் போடவில்லை. "யாரும் எறங்கக் கூடாது. நானே நடக்க மாட்டேன்" என்றார். நடுவில் ஒரு பழைய ஓடை போகிறது, அதன் ஓரச் சேறு இடுப்பு வரை வாங்கும், களைத்தவன் அங்கே சிக்கினால் இழுக்க ஆள் இல்லை, அப்புறம் தண்ணீர் ஏறும். படகு சாயவில்லை, ஒழுகவில்லை, எல்லோரும் உள்ளே இருந்தால் நேரம்தான் போகும், வேறு எதுவும் போகாது. இந்தக் காரணங்களை நான் பிறகு கேட்டு வாங்கினேன். அந்த நேரத்தில் அவர் குரல் போதுமாக இருந்தது. அன்றைக்கு எடுத்த முடிவுகளில் சரியானது இதுதான், அதை எடுத்தது அவர்.

அப்புறம் போன். சிக்னல் ஆந்திரா டவரைப் பிடித்துப் பிடித்து விட்டது. படகுக்காரர் தன் மச்சானிடம் பேசினார். அவர்களிடம் எஞ்சின் இல்லாத சின்னப் படகு ஒன்று இருந்தது, நாலு அங்குலத் தண்ணீரில் மிதக்கும், ஆனால் அதற்கும் இப்போது வழியில் தண்ணீர் போதாது, மாலை தண்ணீர் திரும்பியதும் வருகிறோம் என்றார்கள். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் தகவல் சொன்னேன். இரண்டு போனை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம்.

காத்திருந்த நேரம்

குடிநீர் ஏழு பேருக்கு மூன்று லிட்டர் சொச்சம். அதில் காயத்தைக் கழுவ அரை லிட்டர் போனது. ஏரித் தண்ணீரில் கழுவ வேண்டாம் என்று ஆசிரியை பிடிவாதமாக இருந்தார், அது நல்லதாகப் போயிற்று. துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். தின்ன ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் அக்கா மகன் மடியில் வைத்திருந்த பொட்டுக்கடலையும். நாலரை மணிக்குப் பெரியவருக்கு வியர்த்தது, பேச்சு குழறியது. சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. பையில் சர்க்கரைப் பொட்டலம் இல்லை, வண்டியில் இருந்த இன்னொரு பையில் இருந்தது. ஆசிரியையிடம் பொங்கலுக்கு யாரோ கொடுத்த கற்கண்டு கைப்பையில் கிடந்தது. அதைக் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். கற்கண்டு அங்கே இருந்தது தற்செயல், அதைத் திட்டத்தில் சேர்க்க முடியாது.

தெளிந்ததும் பக்கிங்காம் கால்வாய்க் கதை சொல்ல ஆரம்பித்தார். 1806இல் சென்னையில் தொடங்கிய வெட்டு, பஞ்ச காலத்தில் நீண்டு, 1878இல் ஆளுநர் பெயர் வைத்து, உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் இந்த ஏரி வழியாகவே சென்னைக்குப் போன காலம். 2008இல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்ததில் இந்தக் கால்வாயும் அடக்கம். "தேசிய நீர்வழி பக்கத்துல உக்காந்திருக்கோம், தண்ணிதான் இல்ல" என்றார். நாங்கள் சிரித்தோம். படகுக்காரர் சிரிக்கவில்லை, விசிறியைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து மணிக்குப் படகைச் சுற்றி நாலு விரல் தண்ணீர். சேற்றின் மேல் சின்ன நண்டுகள் ஊர்ந்தன.

திரும்பியது

சூரியன் மறையும் நேரத்தில் வடகிழக்கிலிருந்து காற்று எழுந்தது. காலையில் எங்களை ஏமாற்றிய அதே வாடைதான். ஓதமும் திரும்பியிருந்தது. ஆறரைக்கு மேல் மச்சானும் இன்னொருவரும் சின்னப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முதல் நடையில் பெரியவரும் காயம்பட்ட மாணவனும், இரண்டாவது நடையில் ஆசிரியையும் மற்ற மாணவனும். நான்கு பேர் இறங்காமல் இருந்திருந்தால் படகு இன்னும் தாமதமாகத்தான் கிளம்பியிருக்கும், பாரம் குறைந்ததே பெரிய உதவி. பத்தேகாலுக்குப் படகு தானாக லேசாக ஆடியது. படகுக்காரர் எழுந்து, நேர் மேற்கே போகாமல், வந்த தடத்திலேயே பின்னோக்கிக் கழி போட்டார். ஓடைக்கு வந்ததும் எஞ்சினைப் போட்டார், விசிறியின் இதழ் உடைந்ததால் படகே அதிர்ந்தது. நடை வேகத்தில்தான் வந்தோம்.

நான் முன்னால் டார்ச்சைப் பிடித்திருந்தேன். "அணைங்க சார், கண்ணு போயிடும்" என்றார். வெளிச்சத்தைத் தொடர்ந்து போட்டால் அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. கம்பு வரும் இடத்தில் மட்டும் ஒரு நொடி அடிக்கச் சொன்னார். கரை சேர்ந்தபோது பதினொன்றரை.

மாணவனுக்கு அன்றிரவே தையலும் டெட்டனஸ் ஊசியும். காயத்துக்குள் ஓட்டுத் துணுக்கு இருந்து சீழ் வைத்து, பத்து நாள் மருந்து சாப்பிட்டான். பெரியவர் மறுநாள் சரியாகிவிட்டார், அடுத்த வருடமும் வந்தார்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

திரும்பும் நேரத்தை நான் வைப்பதில்லை. முந்தின நாள் சாயங்காலம் படகுக்காரரிடம் கேட்கிறோம், காற்று எப்படி என்பதையும் சேர்த்து. அவர் சொல்லும் நேரத்தில் எண்ணிக்கை பாதியில் இருந்தாலும் நோட்டை மூடிவிடுகிறோம். பாதி எண்ணிக்கையை "பாதி" என்று எழுதி அனுப்பலாம், ஒன்றும் குடி முழுகிவிடாது. ஓத அட்டவணையை இன்னும் பார்க்கிறோம்தான். ஆனால் முகத்துவாரத்துக்குத் தூரமான மூலைகளில் அதைவிடக் காற்றைத்தான் நம்புகிறோம். பலத்த வாடைக்குப் பிறகு வரும் அமைதியான காலை என்றால் நீர் இறங்கப் போகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஏழு பேருக்கு ஒரு படகு என்பதை இரண்டு சின்னப் படகாக மாற்றினோம். செலவு அதிகம், ஆனால் ஒன்று தட்டினால் மற்றது இருக்கிறது, தவிர ஆள் குறைந்தால் படகு சில அங்குலம் மேலே மிதக்கும், இந்த ஏரியில் அந்தச் சில அங்குலம்தான் எல்லாம். கழியில் அரை அடிக்கு ஒரு சிவப்புப் பட்டை அடித்து, முன்னால் ஒருவர் உட்கார்ந்து ஆழத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஒன்றரை அடி என்று சொன்னால் வேகம் பாதி. யார் எதைப் பார்த்தாலும், நீர் நிறம் மாறினாலும் கம்பில் கோடு தெரிந்தாலும், முட்டாள்தனமாகப் பட்டாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. சாப்பாடு, நாளொன்றுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மருந்துப் பை, சர்க்கரை எல்லாம் படகில்தான் இருக்கும், வண்டியில் இல்லை. பட்டை வைத்துக் கட்டும் பழைய ரப்பர் காலணி எல்லோருக்கும், வெறும் செருப்புக்கு அனுமதி இல்லை. யாரும் கேட்காமல் இறங்கக் கூடாது.

ஒன்று விட்டுப்போனது

விசிறிக்கும் தண்டின் புஷ்ஷுக்கும் ஆன செலவை நாங்கள் எல்லோரும் போட்டுக் கொடுத்தோம், கூலியும் இரட்டிப்பாகக் கொடுத்தோம். கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். சித்திரையில் வேறு வேலையாகப் போனபோது மச்சான்தான் பேச்சுவாக்கில் சொன்னார். இங்கே மீன்பிடிக்கப் பாடு முறை உண்டு, வலை போடும் நல்ல இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள், ஒருவருக்கு முறை வந்துபோனால் திரும்ப வர நாளாகும். நாங்கள் மாட்டியதற்கு மறுநாள் அவருடைய பாடு. எஞ்சின் ஓடவில்லை, இரவெல்லாம் சேற்றில் நின்ற உடம்பு வேறு. இறால் நன்றாகக் கிடைக்கும் காலம் அது.

அன்று பன்னிரண்டு மணிக்கு அவர் எழுந்து எஞ்சினைப் பார்த்தது ஞாபகம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று அவரிடமே கேட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "நீங்க எண்ணிக்கினு இருந்தீங்களே சார்" என்றார்.